என் வாயே எனக்கு எதிரணி

நெய்வேலி டவுன்ஷிப்பில் வாட்ஸ்அப் அப்போதுதான் வீட்டுக்கு வீடு நுழைந்துகொண்டிருந்த சமயம். நான் பி.ஏ. தமிழ் இலக்கியம் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். எம்.ஏ.வும் தமிழே படிக்க ஆசை. சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பாவோ பிடி கொடுக்கவே இல்லை. "தமிழுதான் வூட்லயே பேசுறமே, அதுக்கு இன்னும் ரெண்டு வருசம் காலேஜுக்குப் போவணுமா?" என்பார்.

அந்தப் பொங்கலுக்கு எங்கள் பிளாக்கில் பட்டிமன்றம் வைத்தார்கள். நம் ஊர் எது, அப்பா பிறந்த ஊரா, நாம் வளர்ந்த ஊரா என்பது தலைப்பு. எங்களுக்கென்றே அளவெடுத்துத் தைத்த தலைப்பு! இங்கே எல்லாரும் எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்கள். அப்பா ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு கிளம்ப வேண்டியதுதான். சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால், எங்கள் வயசுப் பிள்ளைகள் கொஞ்சம் முழித்துவிட்டுத்தான் பதில் சொல்வோம்.

நானும் பெயர் கொடுத்தேன். "ஜெயிச்சா எம்.ஏ. சேத்து வுடுவியாப்பா?" என்று கேட்டேன். "மொதல்ல ஜெயி, பாப்போம்" என்றார், ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டே.

சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விழுந்தது 'அப்பா பிறந்த ஊர்' அணி. எனக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. அப்பாவின் ஊர் குறிஞ்சிப்பாடி பக்கம். திருவிழாவுக்குப் போனால்கூட சாயங்கால பஸ்ஸிலேயே திரும்பிவிடுவோம். ஆனால் எந்தக் கட்சி கிடைத்தாலும் பேசத் தெரிய வேண்டும் என்றுதானே காலேஜில் சொல்லிக் கொடுத்தார்கள்? தைரியமாக மேடை ஏறினேன்.

முதலில் அடுக்குமொழியில் முழங்கினேன். கூட்டம் பாட்டுக்குக் கரும்பு கடித்துக்கொண்டிருந்தது. இது வேலைக்கு ஆகாது என்று ரூட்டை மாற்றினேன். எங்கள் தெருவில் ஒவ்வொருவரும் என்னைக் கூப்பிடுவதை அப்படியே பேசிக் காட்டினேன். திருநெல்வேலி அத்தை "ஏட்டி, எங்கட்டி போற?" என்பார். கோயம்புத்தூர் ஆன்ட்டி "ஏனுங் கண்ணு, சாப்டாச்சுங்களா?" என்பார். மதுரை அக்கா "இங்கிட்டு வாத்தா" என்பார். கடைசியாக என் அம்மா: "எங்கடி சுத்திகினு வர? வந்து சோறு துன்னு!"

பந்தலே குலுங்கியது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். "இத்தனை வருஷம் ஒரே தெருவில் இருந்தும் யார் பேச்சாவது மாறியதா? பிறந்த ஊர் நாக்கிலேயே குடியிருக்கிறது!" என்று முடித்தேன். கைதட்டல் அடங்கவே இல்லை. எம்.ஏ. சீட் கிடைத்த மாதிரியே இருந்தது எனக்கு.

அடுத்து எதிரணியிலிருந்து ஓர் இன்ஜினீயரிங் மாணவி எழுந்தாள். "அக்கா சூப்பரா பேசினாங்க. எனக்கு ஒரே ஒரு டவுட்டு. இத்தன ஊர்ப் பேச்சையும் அக்கா எந்த ஊர்ல கத்துக்கிட்டாங்க?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவ்வளவுதான்! எனக்கு விழுந்ததைவிட இரண்டு மடங்கு கைதட்டல். எனக்கே சிரிப்பு தாங்கவில்லை, மேடையில் இருந்தபடியே நானும் தட்டினேன். வளர்ந்த ஊர்தான் என்று நடுவர் தீர்ப்புச் சொன்னார். அப்போதுதான் எம்.ஏ. ஞாபகம் வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கினால், கீழே அப்பா. ஷிப்ட் முடிந்து நேரே பந்தலுக்கு வந்திருக்கிறார். "தோத்துட்டம்பா" என்றேன்.

"எங்க தோத்த? அந்தப் பொண்ணு உன் பேச்ச வெச்சிகினுதான ஜெயிச்சிது! ரெண்டு கட்சிக்கும் நீ ஒருத்தியே பேசிட்ட. போய் எம்.ஏ.வுக்கு அப்ளிகேசன் வாங்கியா" என்றார், வாயெல்லாம் பல்லாக.

எம்.ஏ. முடித்து, இன்று நானே பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். அதற்குப் பிறகு எத்தனையோ மேடைகளில் ஜெயித்துவிட்டேன். ஆனாலும் நான் எந்த மண்ணின் பெண் என்று எனக்கே காட்டிக் கொடுத்த அந்தத் தோல்வியை நினைத்தால்தான் இன்றும் மனசுக்குள் விசில் அடிக்கிறது.