பதினொன்றரை மணிவரை செல்லுபடியாகும் ஓட்டம்

நான் இருக்கும் ஊருக்குப் பின்னால் உள்ள திராட்சைக் குன்றில் ஓடுவதற்கென்றே மூன்று பாதைகள் உண்டு. நீலம், சிவப்பு, மஞ்சள். கம்பத்தில் அறைந்த பலகையில் ஒரு திராட்சைக் குலையின் படம். அதன் கீழே எத்தனை கிலோமீற்றர், எவ்வளவு ஏற்றம், எந்த வளைவில் நின்றால் ஆறும் பழைய தேவாலயக் கோபுரமும் தெரியும், ஓடி முடித்தபின் எந்தக் கிராமத்தில் எந்த வைன் குடிக்கலாம் என்பதெல்லாம் எழுதியிருக்கும். முதன்முதலாக அந்தப் பலகையைக் கண்டபோது அகராதியை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் நின்று வாசித்தேன். கொழும்பிலிருந்து மொஸ்கோ, அங்கிருந்து உக்ரேன் காடு, பிறகு ஒரு லொறியின் அடித்தட்டு என்று ஐந்து நாட்டு எல்லைகளைக் கடந்து வந்தவன் நான். அந்த வழியில் எங்கும் பலகை இருக்கவில்லை. இருந்திருந்தால் “கடினமான பாதை, குழந்தைகளுக்கு ஏற்றதல்ல” என்று போட்டிருப்பார்கள். எங்களோடு இரண்டு குழந்தைகள் வந்தார்கள்.

அது ஜெர்மனியில் மார்க் போய் யூரோ வந்த வருடம். அகதிகளுக்கான விடுதி ஊரின் கடைசியில் இருந்தது. முன்பு பழச்சாறு அடைத்த தொழிற்சாலை; மழை பெய்தால் சுவரெல்லாம் அப்பிள் வாசம் வரும். வேலை செய்ய அனுமதி கிடையாது. சாப்பாடு பொதியாக வரும். அதைத் திறந்து, இன்றைக்கும் அதே பாண்தான் என்று உறுதி செய்துகொள்வதோடு நாளின் அலுவல் முடிந்துவிடும். என்னோடு அறையில் இருந்த சிவம் அண்ணை ஐம்பது வயதுக்காரர். கட்டிலில் படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு முழுநாளும் இருக்கக்கூடியவர். எனக்கு அது ஏலாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதே ஓரிடத்தில் இருக்கத் தெரியாததால்தான். குன்றில் நடக்கத் தொடங்கினேன்.

நடந்தால் வில்லங்கம். அறுவடைக் காலம். திராட்சை வரிசைகளுக்கு நடுவே ஒரு கறுத்த மனிதன் மெதுவாக நடந்து போனால், உழவு இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒருவர் இறங்கி வருவார். “என்ன தேடுறியள்?” என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டே என் கைகளையும் பைகளையும் பார்ப்பார். ஒன்றும் தேடவில்லை என்றால் சந்தேகம் கூடும். இந்த நாட்டில் ஒன்றையும் தேடாமல் நடப்பதற்கு வயது போயிருக்க வேண்டும், அல்லது நாய் இருக்க வேண்டும். பழைய சாமான் சந்தையில் ஒரு கட்டைக் காற்சட்டையும் ஓடுகிற சப்பாத்தும் வாங்கினேன். மறுநாள் அதே வரிசை, அதே மனிதர், அதே உழவு இயந்திரம். நான் ஓடினேன். அவர் கையை உயர்த்தி “மோர்கன்!” என்று காலை வணக்கம் சொன்னார். தஞ்சம் கேட்டு நான் எழுதிக் கொடுத்த பன்னிரண்டு பக்கங்களால் முடியாததை ஒரு கட்டைக் காற்சட்டை செய்தது. எங்கள் ஊரில் தமிழன் ஓடினால்தான் சுடுவார்கள். இங்கே ஓடாவிட்டால்தான் பிரச்சினை.

அப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஞாயிற்றுக்கிழமை ஓட்டக்காரர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களுக்குத் தலைவி எல்கே, தபால் நிலையத்தில் இருபத்தாறு வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவள். ஒரு கேள்வியும் கேட்காமல் என்னை வரிசையில் சேர்த்துக்கொண்டாள். எங்கள் பாதை நீலப் பாதை. குன்றின் உச்சிக்கு ஏறி, அங்கே நிற்கும் முழங்கால் உயரக் கல்லைத் தாண்டி, மறுபக்கக் கிராமத்துக்கு இறங்கி, ஐந்நூறு வருடத்து மரச்சட்டம் போட்ட வீடுகளுக்கும் பெரிய திராட்சை ஆலைக்கும் நடுவே ஓடி, வேறொரு வரிசை வழியாக மறுபடி அதே கல்லுக்கு ஏறி வரவேண்டும்.

நான் கல்லுவரைதான் போவேன். கல்லில் நின்றுவிடுவேன். அவர்கள் இறங்கிப் போய் அரைமணி நேரத்தில் திரும்பி வருவார்கள். பிறகு சேர்ந்து ஓடுவேன்.

காரணம் எளிது. கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு மாவட்டம், அந்தப் பக்கம் வேறு மாவட்டம். தஞ்சம் கேட்டு முடிவுக்குக் காத்திருப்பவன் அனுமதியில்லாமல் தன் மாவட்டத்தைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். நான் ஏற்கெனவே ஒருதடவை ஸ்டுட்கார்ட்டுக்குக் கறித்தூள் வாங்கப் போய் ஸ்டேசனில் பிடிபட்டவன். முதல் தடவை தண்டம். இரண்டாம் தடவை அது குற்றம், கோப்பில் ஏறும். என் வழக்கு முதலில் தள்ளுபடியாகி மேன்முறையீட்டில் இருந்தது. நீதிபதியின் முன்னால் குற்றவாளியாகப் போய் நின்றால் அடுத்த விமானம் கொழும்புக்குத்தான்.

இதையெல்லாம் மூச்சு வாங்க ஓடுகிறவர்களிடம் என் ஜெர்மன் மொழியில் சொல்ல முடியவில்லை, வெட்கமாகவும் இருந்தது. மூன்றாவது ஞாயிறு எல்கே குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

“இது உன்ர சமயத்தோட சம்பந்தப்பட்டதா?”

“ஓம்” என்றேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

வேலை அப்போதுதான் தொடங்கியது. இந்துக்களுக்கு வைன் கிராமத்தில் கால் வைப்பது தீட்டு என்று குழுவுக்குள் செய்தி பரவியது. என் பக்கமாக வரும்போது குரலைக் குறைத்தார்கள். ஓய்வுபெற்ற பல் வைத்தியர் ஒருவர் கல்லைத் தாண்டும்போது தொப்பியைக் கழற்றினார். ஒருநாள் யாரோ கல்லின்மேல் ஒரு பூவை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எங்கள் நாட்டில் ஒரு கல் சாமியாவதற்கு ஒரு கனவாவது, ஒரு காய்ச்சலாவது தேவை. இங்கே மூன்று மாதமும் நல்லெண்ணமும் போதுமாக இருந்தது.

அடுத்த இலையுதிர் காலத்தில் நான்கு வைன் கிராமங்களும் சேர்ந்து ஓட்டத் திருவிழா வைத்தன. எல்கே என் பெயரையும் கொடுத்துவிட்டாள். எனக்கு மட்டும் வைனுக்குப் பதிலாக அப்பிள் சாறு வைக்கும்படி கிராமத்தாரிடம் சொல்லியும்விட்டாள். சமயத் தடை நீங்கியது. இனி உண்மையைத் தவிர வேறு வழியில்லை. கல்லடியில் வைத்துச் சொன்னேன்.

அவள் கல்லைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சப்பாத்து நுனியால் கல்லைத் தட்டினாள்.

“இதுவா? இது அந்தக் காலத்தில யாற்ற பன்றி எங்க மேயலாம் எண்டு பிரிச்ச கல்லு.”

“எனக்கும் அதுக்குத்தான்.”

அவள் சிரிக்கவில்லை. “ஒரு வருசமா ஏன் சொல்லேல்லை?” என்று கத்தினாள். கோபம் சட்டத்தின்மேல் அல்ல, என்மேல். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒரு ஜெர்மன்காரியால் சொல்லக்கூடிய மிக அன்பான வார்த்தையைச் சொன்னாள்: “அன்ட்ராக் போடுவம்.” விண்ணப்பம்.

அலுவலகத்தில் எங்களுக்குக் கிடைத்தவர் நல்ல மனிதர். படிவத்தை நிரப்பாமல் ஒருவரையும் அனுப்பமாட்டார்.

“பயணத்தின் நோக்கம்?”

“ஓடுறது.”

“யாரைச் சந்திக்கப் போறியள்?”

“ஒருத்தரையும் இல்லை.”

“போய்ச் சேருற விலாசம்?”

“இதே ஊர்தான். ஓடித் திரும்பி வந்திடுவன்.”

அவர் பேனையைக் கீழே வைத்தார். “அப்ப ஏன் போறியள்?”

அது நல்ல கேள்வி. எல்கே முன்னால் சாய்ந்து, “உடல்நலத்துக்கு” என்றாள். அவர் முகம் தெளிந்தது. அதற்குப் படிவத்தில் இடம் இருந்தது. ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து பதினொன்றரை வரை, பாதை நீலம் என்று எழுதி முத்திரை குத்தினார். ஒன்றரை மணி நேரம்! எல்கேயின் கணக்குப்படி ஒரு மணி நேரமே தாராளம்.

சிவம் அண்ணை அந்தத் தாளைக் கட்டிலில் எழும்பியிருந்து இரண்டு தரம் வாசித்தார். “ஊரில வெளிய வரவும் பாஸ் எடுத்தனாங்கள், இங்க வந்தும் பாஸ். ஆனா ஓடுறதுக்குப் பாஸ் எடுத்த முதல் தமிழன் நீதான்ரா. விசரா, பிந்திப்போடாத.” தாளைப் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சில் மாட்டும் என் ஓட்ட இலக்கத் துணிக்குப் பின்னால் ஊசியால் குத்திவிட்டார். தன் மணிக்கூட்டையும் கழற்றி என் கையில் கட்டினார்.

ஓட்டம் பத்து மணிக்குத் தொடங்கவில்லை. முதலில் மேயர் பேசினார். பிறகு பாதிரியார் ஆசீர்வதித்தார். ஆண்கள் பாடற்குழு இரண்டு பாட்டுப் பாடியது. பிறகு வைன் ராணி வந்தாள். இங்கே ஒவ்வொரு வைன் கிராமத்துக்கும் வருடத்துக்கு ஒரு பெண்பிள்ளைக்கு முடிசூட்டுவார்கள். கிராமம் நான்கு என்பதால் ராணிகளும் நால்வர். நால்வரும் பேசினார்கள். ஒவ்வொருத்தியும் தன் மண்ணின் சுண்ணாம்பைப் பற்றிச் சொன்னாள். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பத்தே முக்காலுக்கு வெடி வைத்தார்கள்.

முக்கால் மணி நேரம் மிச்சம். ஏற்றத்தில் எல்லோரும் கதைத்துக்கொண்டு போனார்கள். நான் அவர்களை இடித்துக்கொண்டு முன்னால் போனேன். கல்லைத் தாண்டும்போது பதினொன்று ஐந்து. மற்றப்பக்கக் கிராமத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிடக் கடந்தேன் என்பதே சரி. சாய்ந்த வீடுகள், ஜன்னல் பெட்டிகளில் சிவப்புப் பூ, கல் நீர்த்தொட்டியைச் சுற்றி மேசை, மேசைமேல் வைன் கிண்ணம். ஒரு மூலையில் எனக்கென்று வைத்த அப்பிள் சாறு. ஒலிபெருக்கியில் ஒருவர் “கென்யா! கென்யா!” என்றார். சனம் கைதட்டியது. சந்தியில் பொலிஸ்காரர் நின்றார். என் கால் தானாகத் தயங்கியது. அவர் காரை மறித்துவிட்டு எனக்கு வழி விட்டு, “லோஸ்! லோஸ்!” என்று கத்தினார். ஓடு, ஓடு. நான் வாழ்ந்த எந்த நாட்டிலும் ஒரு பொலிஸ்காரர் நான் ஓடுவதைக் கண்டு சந்தோசப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

ஏற்றத்தில் கண் இருட்டியது. வாயில் இரும்புச் சுவை. கல்லைத் தொட்டபோது பதினொன்று இருபத்தேழு. இந்தப் பக்கம் வந்து புல்லில் சரிந்து, முதுகைக் கல்லில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டேன். ஆறு நிமிடம் கழித்துத்தான் இரண்டாவது ஆள் வந்தான். என்னைக் கண்டு திகைத்து நின்று, பிறகு ஓடினான். எல்கே வந்தபோது கன்னம் சிவந்திருந்தது. ஒரு கிராமத்து வைன் உள்ளே போயிருந்தது.

“எழும்பு! இன்னும் நாலு கிலோமீற்றர்தான். நீதான் முதல் வந்தனி!”

“என்ர ஓட்டம் இந்தக் கல்லுவரைதான். நான் வந்து சேர்ந்திட்டன்” என்றேன்.

அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்துவிட்டாள். எல்லோரும் போனபின் இரண்டுபேரும் மெதுவாக நடந்து இறங்கினோம்.

வென்றவன் என் கையைப் பிடித்துக் கண் கலங்கினான். புனிதக் கல்லைக் கண்டதும் வெற்றியைத் துறந்து தியானத்தில் அமர்ந்த என்னை வாழ்நாளில் மறக்கமாட்டானாம். உள்ளூர்ப் பத்திரிகையும் அப்படியே எழுதியது. எல்கே மறுப்புக் கடிதம் போடப் புறப்பட்டாள், நான்தான் தடுத்தேன். அந்தப் பத்திரிகைத் துண்டை என் வழக்கறிஞர் கோப்பில் வைத்தார். நீதிபதி அதை வாசித்தாரா என்று தெரியாது. இரண்டு வருடம் கழித்து எனக்கு வதிவிட அனுமதி கிடைத்தது. சிவம் அண்ணைக்குக் கிடைக்கவில்லை. ஒரு காலையில் வந்து கூட்டிப்போனார்கள். நான் ஓடப் போயிருந்தேன். அவர் திருப்பிக் கேட்காத மணிக்கூடு என் கையில் இருந்தபடியால் அது மட்டும் இங்கே நின்றுவிட்டது.

பிறகு ஹம்பேர்க்கில் கோப்பை கழுவினேன், வேறு இரண்டு ஊர்களில் பெட்டி தூக்கினேன், கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. போன வருடம் திரும்பி வந்தேன். கல்லடியில் இப்போது உட்கார ஒரு மரவாங்கு போட்டிருக்கிறார்கள். இரண்டு கிராமமும் பாதிப்பாதி செலவு என்பதால் வாங்கின் இரண்டு கால் இந்த மாவட்டத்தில், இரண்டு கால் அந்த மாவட்டத்தில். நீலப் பாதைப் பலகையிலும் புதிதாக ஏறியிருக்கிறது: “அமைதி இடம்.”

சென்ற ஞாயிறு அதில் இந்தப் பக்கத்து முனையில் உட்கார்ந்திருந்தேன். நடைப்பயணம் வந்த ஒரு வயதான தம்பதி, முன்பு இங்கே ஓர் இந்தியத் துறவி வந்து தியானம் செய்தாராம் என்று எனக்கு விளக்கினார்கள். பிறகு, தாங்களும் இருக்கவேண்டும், கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி இருக்கமுடியுமா என்று கேட்டார்கள்.

வதிவிட அட்டை சட்டைப்பையில் இருந்தது. ஆனாலும் நான் முதலில் கையைத் திருப்பி மணிக்கூட்டைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் தள்ளி இருந்தேன்.