விமான நிலையத்தில் கிழிந்த பட்டுப்புடவை

முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஆங்கில நாவல். அட்டையில் ஒரு பெண்ணும் ஒரு பையனும் ஒரே குடைக்குள் நிற்கிறார்கள். பின்னால் ஏதோ வெளிநாட்டு ஊர் மழையில் மங்கலாகத் தெரிகிறது. என் பேத்தி அதைப் படிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதைக் கொடுத்தவனை நினைத்துத்தான் கவலை.

அவன் அவளோடு பன்னிரண்டாம் வகுப்பு படித்தவன். அப்பாவுக்கு எங்கள் காஞ்சிபுரத்திலேயே பட்டுப்புடவைக் கடை. அண்ணன் இங்கிலாந்தில் இருக்கிறான். இவனும் அங்கே படிக்கப் போகிறான். "நீயும் வா, ஒரே காலேஜ்ல சேரலாம்" என்று பேத்தியிடம் சொல்லியிருக்கிறான். அவள் எதையும் ஒளிக்கவில்லை. இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு எங்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். சென்னையில் ஒரு கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

"எங்கம்மா சேரப் போற?" என்று என் மகன் கேட்டான்.

"இந்த புக்க முடிச்சிட்டு சொல்றேன்பா."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அவன் படிக்கச் சொன்னான். படிச்சா நானே கெளம்பிடுவேன்னு சொல்றான்."

மகன் தறி நெய்கிறவன். கோபம் வந்தால் போய்த் தறியில் உட்கார்ந்துவிடுவான். அதற்குமேல் அவனிடம் பேச முடியாது. அன்று உட்காருவதற்கு முன் என்னிடம் வந்தான். "நைனா, நீங்க இங்கிலீஷ் படிச்சவரு. அதுல அப்படி என்னதான் இருக்குதுன்னு பாருங்க."

பேத்தியிடம் கேட்டேன். "படி தாத்தா. பக்கத்த மட்டும் மடிக்காத" என்று கொடுத்தாள். அடுக்களையிலிருந்து மருமகளின் குரல் வந்தது: "மாமா லவ் கதை படிக்கப் போறாரு, கண்ணாடிய நல்லா தொடச்சி குடுடி."

நான் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எண்ணாமல் படிக்க எனக்குத் தெரியாது. முதல் இருநூறு பக்கத்தில் முப்பத்தேழு இடத்தில் மழை பெய்கிறது. கதாநாயகி இருபத்திரண்டு முறை அழுகிறாள். கதாநாயகனுடைய கண்கள் பத்தொன்பது முறை கடலாகின்றன. அவள் நம் பக்கத்திலிருந்து போய்க் குடியேறிய குடும்பத்துப் பெண். அவன் கேக் கடையில் வேலை செய்கிறவன். ஆனால் கடையில் அவன் வேலை செய்து நான் பார்க்கவில்லை. இரண்டு பேரும் கேக்கையும் காபியையும் தவிர வேறெதுவும் சாப்பிடுவதில்லை. வெளிநாட்டைப் பற்றி நாலு விஷயமாவது தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். குடை இல்லாமல் வெளியே போகக்கூடாது என்பது ஒன்றுதான் தெரிந்தது. அதற்குமேல் முடியாமல் புத்தகத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

இவ்வளவு மட்டமான கதை என்று தெரிந்தபிறகு எனக்குப் பயம் குறைந்திருக்க வேண்டும். கூடிவிட்டது. நல்ல கதை என்றால் அதில் நாலு கஷ்டமாவது வந்திருக்கும். அதைக் காட்டிப் பேத்தியிடம் பேசியிருப்பேன். இந்தக் கதையில் எல்லாம் சுலபமாக நடக்கிறது. வீட்டை விட்டுப் போனவுடன் அறை கிடைக்கிறது, சிநேகிதிகள் கிடைக்கிறார்கள், கிளம்பும்போது அப்பா அம்மா கண்ணீரோடு சிரிக்கிறார்கள். பதினெட்டு வயதில் இதைப் படித்தால் யார்தான் பெட்டியைக் கட்ட மாட்டார்கள்?

புதன்கிழமை சாயங்காலம். மகன் பக்கத்து ஊர் தாமலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேத்தி கடைசி அத்தியாயங்களைப் படித்துக்கொண்டிருந்தாள். நான் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று எழுந்து, நிறம் சரிபார்ப்பதற்காக அவள் அப்பா நெய்து வைத்திருந்த ஒரு முழத் துண்டை ஆணியிலிருந்து எடுத்தாள்.

"தாத்தா, இந்த பார்டர புடிச்சி இழு."

"எதுக்குமா?"

"இழு, சொல்றேன்."

ஒரு கையால் தறிக்காலைப் பிடித்துக்கொண்டு, விழாமல் இழுத்தேன். அவள் இரண்டு கையாலும் மறுபக்கம் இழுத்தாள். கரை அசையவில்லை. மருமகள் எட்டிப் பார்த்தாள்.

"ஏன்டி, தாத்தாவும் பேத்தியுமா கயிறு இழுக்கறீங்க?"

"இந்த புக்குல அவன் ஏர்போர்ட்ல நின்னுக்கினு இருக்கான்மா. அவ, அவங்கம்மாவோட கல்யாண காஞ்சிபுரம் புடவைய கட்டிக்கினு வந்து, பார்டர ஒரே இழுப்புல கிழிச்சி அவன் கையில கட்டுறா. வெறுங்கையால."

மருமகள் கை வேலையை விட்டுவிட்டு வந்தாள். எங்கள் ஊரில் புடவையின் உடலுக்கும் கரைக்கும் தனித்தனியாகக் குறுக்கு நூல் ஓட்டி, இழைக்கு இழை இரண்டையும் கோத்துப் பூட்டிவிடுவார்கள். கோர்வை என்று பெயர். மருமகளும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு பல்லால் கடித்துப் பார்த்தாள். "புடவையே நைஞ்சி போனாலும் கரை தனியா வராது. பல்லால கடிச்சிருந்தா அந்தப் பொண்ணுக்கு ரெண்டு பல்லாவது போயிருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். அடக்கமுடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் பேத்தியும் சிரித்தோம்.

பேத்தி முதலில் நிறுத்தினாள்.

"இந்தப் பக்கத்துலதான் தாத்தா அவன் அழுதுட்டானாம்."

"யாரு, அந்தப் பையனா?"

"ம். பொறந்ததுலேர்ந்து புடவைக்கு நடுவுல வளந்தவன். ஒண்ணையாவது தொட்டுப் பாத்திருப்பானான்னு தெரியல." துண்டை மறுபடி ஆணியில் மாட்டினாள். "அவன் மேல கோவம்லாம் இல்ல. ஆனா அங்க போனா இந்த புக்கு மாதிரியே இருக்கும்னு அவன் நெஜமாவே நம்புறான். அவன நம்பி நான் எப்படிப் போறது?"

"அப்போ வெளிநாடு?"

"போவேன் தாத்தா. படிச்சிட்டு, வேலைக்கு. இப்ப இல்ல."

முழு நிம்மதி என்று சொல்ல முடியாது. நூற்றுக்கு எண்பது. எண்பது எனக்குப் போதும்.

எங்கள் எதிரிலேயே அவனுக்குப் போன் செய்தாள். அவள் பேசியது மட்டும் கேட்டது. "முடிச்சிட்டேன்டா... இல்ல, அழல. சிரிச்சேன்... விளையாடலடா, நான் வரல... சென்னையிலதான் சேரப் போறேன்... நீ நல்லா போயிட்டு வா." அதன்பிறகு அவன் வெகுநேரம் பேசினான் போலிருக்கிறது, அவள் "ம்" மட்டும் சொன்னாள். வைத்துவிட்டுப் பின்பக்கம் போய் முகம் கழுவினாள். முகம் கழுவ அவ்வளவு தண்ணீர் தேவையில்லை. மருமகள் எழுந்து போகப் பார்த்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

மகன் கல்யாணச் சாப்பாட்டு மணத்தோடு திரும்பி வந்தபோது நான்தான் செய்தியைச் சொன்னேன். அவன் நேராக அவளிடம் போய், "பொட்டி ரெடி பண்ணுமா" என்று மட்டும் சொன்னான்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் இருவரும் கிளம்பினார்கள். மத்தியானம் போன் வந்தது.

"நைனா, சேத்தாச்சி."

"விடுதியில எத்தனாவது மாடி?"

"மூணாவது."

"படியில கைப்பிடி இருக்குதா? தண்ணி எத்தன மணிக்கு விடுவாங்க? ஜன்னலுக்குக் கம்பி போட்டிருக்காங்களா, எண்ணிப் பாத்தியா?"

"எல்லாம் இருக்குது நைனா" என்றான். பக்கத்தில் அவள் சிரிப்பது கேட்டது. "பஸ்ஸுக்கு நேரமாச்சி, வெச்சிடறேன்."