மூச்சக்கா சொல்லாதது

"மூச்சை நல்லா இழுங்க... பிடிச்சுக்கோங்க... ம், விடுங்க." எக்ஸ்ரே அறைக்குள்ளிருந்து நாள் முழுக்க இந்தக் குரல்தான் வரும். அதனால் ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்கு மூச்சக்கா என்றே பெயர். அந்த அறை வாசலில் மேசை போட்டு டோக்கன் கொடுப்பவள் நான்.

எங்கள் இருவர் குணமும் மலையும் மடுவும். என் வாயில் எள்ளுகூட ஊறாது. அவளும் ஊமை இல்லை. சாப்பிடும்போது முட்டிவலி, பஸ் ஓட்டும் கணவரின் குறட்டை, கணக்கில் கோட்டைவிட்ட மகள் என்று எல்லாவற்றையும் கொட்டுவாள். நோயாளிகளைப் பற்றி மட்டும் மூச்சக்கா மூச்சு விடமாட்டாள். ஒருமுறை நான் லீவில் இருந்தபோது என் சொந்த நாத்தனார் கையை உடைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். மறுநாள் என் டப்பாவிலிருந்து பொரியலை எடுத்துச் சாப்பிட்டவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டால், "அவங்க சொல்ல வேண்டியதை நான் ஏன் சொல்லணும்?" என்றாள். கடைத்தெருவில் நோயாளிகள் எதிரே வந்தால், அவர்கள் முதலில் சிரித்தால்தான் இவள் சிரிப்பாள். சரியான தலைக்கனம் பிடித்தவள் என்றே நினைத்திருந்தேன்.

ஒரு முற்பகல் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்ததில் அவளுக்கு விலாவில் அடியாம். வயது என்ன என்று அவளைக் கேட்டால் அவன் சொன்னான். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் அதையும் அவனே சொன்னான். வலி யாருக்கு என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் ஆள் என்ன பணிவு! வாய்க்கு வாய் என்னை "மேடம்" என்றான். என் வீட்டில் என்னை அப்படிக் கூப்பிட ஆளில்லை, இந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. உருகிப்போய்விட்டேன்.

"நானும் உள்ள நிக்கிறேனே, அவ பயப்படுவா" என்றான்.

"கதிர் உங்க மேலயும் படும் சார். யாரா இருந்தாலும் வெளியதான்" என்றாள் மூச்சக்கா.

கைப்பை, வளையல், போன் எதுவும் உள்ளே போகக்கூடாது என்பது அவள் எல்லோருக்கும் வைத்திருக்கும் சட்டம். பெரிய டாக்டரின் மாமியார் வந்தபோதும் அதேதான். அந்தப் பெண்ணின் கைப்பை என் மேசைக்கு வந்தது. திறந்திருந்த பைக்குள் போன் வெளிச்சமாக இருந்தது. எட்டிப் பார்த்தேன். அழைப்பு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, "வீட்டுக்காரர்" என்ற பெயரில். எதிர் பெஞ்சில் அவன் காதில் இயர்போனுடன் உட்கார்ந்திருந்தான். அவள் போகுமிடமெல்லாம் அவன் காதும் பைக்குள் கூடவே போயிருக்கிறது.

கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. இழுங்க, பிடிங்க என்ற குரல் கேட்டது. பிறகு குரல் நின்றுவிட்டது, விளக்கு மட்டும் அணையவில்லை. அவன் எழுந்து வந்து கதவைத் தட்டினான். மூச்சக்கா தலையை மட்டும் நீட்டி, "அசைஞ்சுட்டாங்க சார், படம் சரியா விழல. கொஞ்சம் இருங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அது பொய் என்று எனக்கும் அப்போது தெரியாது.

அந்த அறைக்குப் பின்பக்கம் ஸ்ட்ரெச்சர் வருவதற்கு இன்னொரு கதவு உண்டு. விளக்கு அணைந்து முன்கதவு திறந்தபோது உள்ளே மூச்சக்கா மட்டும்தான் இருந்தாள். அவ்வளவுதான், மேடமும் பணிவும் போன இடம் தெரியவில்லை. என் மேசையை எட்டி உதைத்தான். காவலாளிகள் வந்து பிடித்தார்கள். "அவங்க ஒண்ணும் சின்னக் குழந்தை இல்ல. அவங்க விருப்பத்துலதான் போயிருக்காங்க. எங்கன்னு சொல்ல மாட்டோம்" என்று பெரிய டாக்டரே வந்து சொன்ன பிறகுதான், பையைப் பிடுங்கிக்கொண்டு போனான்.

அவன் போனதும் முதல் வேலையாக, "எங்கக்கா அனுப்பினீங்க?" என்றேன்.

"சோறு ஆறுது, சாப்பிடு."

"நான் என்ன அவன்கிட்டயா போய்ச் சொல்லப்போறேன்? உதை வாங்கினது என் மேசைதானேக்கா!"

"அதுக்குத்தான் கேக்காதேங்கறேன்."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. கூடவே வேலை செய்கிறவளை நம்பாத பெண் என்ன பெண்? அந்தப் பெண் உள்ளே என்ன சொன்னாள், அழுதாளா, பழைய அடியும் படத்தில் தெரிந்ததா? எல்லாம் சேர்ந்து மண்டையைக் குடைந்தன. பல நாள் அவளோடு பேசாமல் தனியாகச் சாப்பிட்டேன்.

அந்த மௌனம் கலையும் முன்பே ஒரு நாள் வயதான அம்மா ஒருத்தி என் மேசைக்கு வந்தாள். கையில் மருந்துப் பொட்டலம். "விலால அடின்னு வந்துச்சே, அந்தப் பொண்ணோட அம்மா நான். தைராய்டு மாத்திரைய வீட்டுலயே விட்டுட்டுப் போயிடுச்சும்மா. ஒரு நாள் தவறினாலும் தாங்காது. எங்க இருக்கான்னு மட்டும் சொல்லு தாயி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. "சத்தியமா எனக்குத் தெரியாதும்மா" என்றேன். அவள் என் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். நான் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மனசு கேட்காமல் ஜன்னலோரம் போய் நின்று பார்த்தேன். அவள் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்ற பைக்கில் ஏறினாள். வண்டியில் காத்துக்கொண்டிருந்தவன் அவன்தான்.

அவள் அம்மாவா, மாமியாரா, யார் கண்டது? எனக்கு மட்டும் தெரிந்திருந்தால், எந்த பஸ்ஸில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்பது வரை சொல்லி அனுப்பியிருப்பேன்.