அம்மனுக்குப் போட்ட பலகை

சால்ட் லேக்கில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் நான்கு படிகள். தரைத்தளத்தில் தனியாக வசிக்கும் மைதிலி, சக்கர நாற்காலியோடு வெளியே போக வேண்டுமென்றால் இரண்டு பேர் தூக்கி இறக்க வேண்டும்.

துர்கா பூஜைக்கு அம்மன் சிலையை ஹாலுக்குள் ஏற்ற, படிகளின் மேல் சாய்வாகப் பலகை போட்டார்கள். குறுக்கே நின்ற என் காரைத் தெருவில் கொண்டுபோய் விட்டேன். அந்த நாட்களில் மைதிலி தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய் புச்கா என்கிற பானிபூரி தின்றுவிட்டு வந்தாள்.

"அங்கிள், நீங்க கமிட்டியில இருக்கீங்களே. இந்தப் பலகைய எடுக்க வேண்டாம்னு சொல்லுங்களேன்."

"சொல்றேன்மா."

அன்று மாலைக் கூட்டத்தில் சொல்லவும் சொன்னேன். நிரந்தரமாகச் சரிவுப் பாதை வைத்தால் ஒரு கார் நிற்கும் இடம் போய்விடும் என்றார் தலைவர். அது என் கார். அதற்குமேல் நான் வாய் திறக்கவில்லை.

கடைசி நாள் சிலையை லாரியில் ஏற்றினார்கள். மைதிலி கேட் வரை வந்து கும்பிட்டாள். திரும்பிப் பார்த்தால் பலகையைக் காணோம். பந்தல்காரர்கள் அதற்குள் எடுத்துவிட்டிருந்தார்கள்.

"கமிட்டியில சொன்னீங்களா, அங்கிள்?"

"தூக்கட்டுமாம்மா?" என்றேன்.

"வேற வழி?" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

நானும் காவலாளியும் தூக்கினோம். நான்கே படிகள்தான். உள்ளே போனதும் "தேங்க்ஸ்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை என் காரைப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினேன். அடுத்த வருஷம் அம்மன் வரும்போது மறுபடியும் எடுப்பேன்.