இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

கலாதேவிக்கு ஐம்பத்திரண்டு வயது. மலேசியாவில் ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். ஒன்பதாம் வகுப்பான மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டுவிட்டு, இருபத்தாறு வருடம் கையுறைத் தொழிற்சாலையில் நின்றே வேலை பார்த்தாள். பிறகு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. இப்போது திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் பத்து காஜா ஊரிலிருந்து வேனில் ஈப்போவுக்கு வந்து, இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு நாலு மணி நேரம் படுத்திருக்கிறாள். ஊசி குத்திய இடது கையை அசைக்கக்கூடாது.

அந்தச் சிகிச்சை நிலையத்து அலமாரியில் யாரோ கொடுத்துவிட்டுப் போன மலாய்ப் புத்தகங்கள் எட்டு இருந்தன. பிள்ளைகளுக்கான மாயக்கதைத் தொடர். உப்பு மலைக்குள் காணாமல்போன அக்காவைத் தேடிப் போகும் ஒரு சிறுமியின் கதை. எழுத்து பெரிது, ஒற்றைக் கையால் பிடித்துப் படிக்கவும் முடிந்தது. வீடு திரும்பி, சோறு வைக்கக்கூடத் தெம்பில்லாமல் சாய்ந்து கிடக்கும்போதும் அவள் நினைப்பெல்லாம் அந்தச் சிறுமியின் பின்னாலேயே போனது.

பக்கத்துப் படுக்கை ஐயாத்துரை, நில அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், சிரித்தார்.

“என்ன தங்கச்சி, இது சின்னப் பிள்ளையள் வாசிக்கிற புத்தகமெல்லோ?”

“ஆமாய்யா. ஆனா நல்லா இருக்குலா. படிச்சுப் பாருங்க.”

இரண்டு வாரம் பிகு பண்ணிவிட்டு முதல் பாகத்தை வாங்கிக்கொண்டார். அதன்பின் இருவருக்கும் அதே பேச்சுதான்.

நாலாம் பாகம் முடிந்த சமயம், ஐயாத்துரையைச் செவ்வாய், வியாழன், சனிக்கு மாற்றிவிட்டார்கள். அந்த வாரம் கலாதேவிக்குக் கால் வீங்கியிருந்தது. புத்தகத்தைத் தொடவே மனமில்லை. கண்ணை மூடிக் கிடந்தாள்.

ஒரு மாதம் போனது. ஐந்தாம் பாகத்தை மெல்லப் படித்து முடித்து, ஆறாம் பாகத்தை எடுத்தாள். சிறுமி சுரங்கத்தில் தனியாக மாட்டிக்கொள்ளும் இடத்தில், ஓரமாகப் பென்சிலால் தமிழில் எழுதியிருந்தது: “தங்கச்சி, பயப்பட வேண்டாம். 212ஆம் பக்கத்தில் தப்பிவிடுவாள். ஐயாத்துரை.”

முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். தாதி விமலா திரும்பிப் பார்த்தாள்.

“என்னாக்கா?”

“இந்த மனுசன் முடிவ முன்னாடியே சொல்லிட்டாரு மிஸ்ஸி! ஒரு பென்சில் குடுங்க.”

அதன் கீழேயே எழுதினாள்: “இனிமே சொல்லாதீங்க ஐயா. எனக்கு ஒடம்பு முடியல, மெதுவாதான் வாரேன்.” அந்தப் பக்கத்தை அவரிடம் காட்டச் சொல்லிப் புத்தகத்தை விமலாவிடம் கொடுத்தாள்.

ஏழாம் பாகத்தில் ஒரு கோடுகூட இல்லை. எட்டாவதை அவர் தொடவே இல்லையாம். “தங்கச்சி முதலில வாசிக்கட்டும்” என்று விமலாவிடம் சொல்லிவிட்டாராம்.

அதைப் படிக்கக் கலாதேவி இரண்டு மாதம் எடுத்துக்கொண்டாள். சில நாள் நாலு பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. சில நாள் வரி கலங்கியது. முடித்த வெள்ளிக்கிழமை, புத்தகத்தை விமலாவிடம் கொடுத்து, “நாளைக்கு ஐயா வந்ததும் குடுத்துருங்க” என்றாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வேனுக்கு நடந்தாள்.