கணவன் புலம்பல்

எங்கட ஆக்கள் லண்டனுக்கு வந்தும் கல்வெட்டை விடவில்லை. ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள், வீட்டார் ஒவ்வொருவரும் புலம்புவதுபோலப் பாட்டுகள் போட்டு ஒரு சின்னப் புத்தகம் அடித்துக் கொடுப்பார்கள்; அதுதான் கல்வெட்டு. தொண்ணூறுகளில் லூயிஷாம் பக்கம் அந்தப் பாட்டுகளைப் பெரும்பாலும் நான்தான் எழுதினேன்.

பக்கத்துத் தெருச் சிவராசாவின் மனைவி செத்தபோது 'கணவன் புலம்பல்' எழுதிக்கொண்டு போனேன். குலவிளக்கே, குணக்குன்றே என்று எதுகை மோனையோடு நன்றாகவே வந்திருந்தது. அவர் இரண்டு தரம் வாசித்தார்.

"நல்லா இருக்கு அண்ணை. ஆனா இதில அவ இல்லை."

"அப்ப என்ன எழுதச் சொல்லுறீர்?"

"நான் மழையில நனைஞ்சு ஷிப்ட் முடிஞ்சு வந்தா, சப்பாத்துக்குள்ள பேப்பரைக் கசக்கி அடைச்சு ஹீட்டருக்குப் பக்கத்தில வைப்பா. காலமை போடேக்க காய்ஞ்சிருக்கும். இப்ப ஈரத்தோடதான் போறன்."

அதை அப்படியே எழுதினேன். எதுகை வரவில்லை. முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் அந்த வரியை மட்டும் இரண்டு தரம் வாசித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்டாள்: "எனக்கெண்டா என்ன எழுதுவியள்?"

வாயைத் திறந்தேன். குலவிளக்கே என்றுதான் வந்தது.

அவள் சிரித்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனாள். எப்படிப் போடுகிறாள் என்று அன்றைக்குத்தான் எழும்பிப் போய்ப் பார்த்தேன்.