ஆக்னஸ் போன வேளாங்கண்ணி

ஆக்னஸுக்குப் பொய் சொல்ல வராது என்பது செகந்திராபாத் பக்கம் மல்லாபூரில் எங்கள் மருந்து பேக்கிங் கம்பெனி முழுக்கத் தெரிந்த விஷயம். லேட்டாக வந்தால் நாங்களெல்லாம் பஸ்மேல் பழியைப் போடுவோம். அவள் மட்டும் "தூங்கிட்டேன் சார்" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வாள். அப்படிப்பட்ட அசடு வாழ்க்கையில் ஒரே ஒரு பெரிய பொய் சொன்னது. அதையும் மாதா பேரில் சொன்னது.

ஆக்னஸ், ஷர்மிளா, நான் மூவரும் ஒரே லைனில் வேலை பார்க்கிறோம். ஆலப்புழைக்குப் போய் ஒரு சனி ஞாயிறு படகு வீட்டில் இருந்துவிட்டு வரவேண்டும் என்று வருஷக்கணக்காகப் பேச்சு. போன வருஷம் ஷர்மிளா யாரையும் கேட்காமல் டிக்கெட் போட்டுவிட்டாள். என் வீட்டில் "ஹவ், சரி, போய்ட்டு வா சுமதி" என்று ஒரே வார்த்தையில் முடிந்தது. ஆக்னஸுக்குத்தான் வாய் வரவில்லை. கல்யாணமாகி செகந்திராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்த நாளிலிருந்து தன் சந்தோஷத்துக்கென்று தெருமுனை தாண்டாதவள். ஊர் சுற்றப் போகிறேன் என்று மாமியாரிடம் எப்படிச் சொல்வது? தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "அத்தே, ஃப்ரெண்ட்ஸோட வேளாங்கண்ணி போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டாள். கோயிலுக்கு என்றால் யார் தடுக்கப்போகிறார்கள்?

வினையே அங்கேதான் ஆரம்பித்தது. மாமியாருக்குக் கண்ணில் புரை. ஆபரேஷன் பண்ணாவிட்டால் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொல்லியும் அந்தம்மா மசியவில்லை. "கண்ணுகிட்ட கத்தியா? நக்கோம்மா, நக்கோ, வேணவே வேணாம்" என்பார். மகன் கெஞ்சினான், சண்டை போட்டான், ஓய்ந்துபோனான். வேளாங்கண்ணி என்றதும் அன்று சாயங்காலமே ஜெனரல் பஜாருக்குப் போய் வெள்ளியில் ஒரு ஜோடிக் கண் வாங்கி வந்துவிட்டார்.

"இதை மாதா காலடியில வெச்சுடு ஆக்னஸ். வெச்சேன்னு நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நான் டேபிள்ல படுத்துக்கறேன். நீ வர்ற வரைக்கும் இந்த வீட்டுல கவுச்சி கிடையாது."

படகு என்னவோ நன்றாகத்தான் இருந்தது. மூங்கில் கூரை, கால் நீட்ட மெத்தை, இரண்டு பக்கமும் தென்னை. வாய்க்கால் குறுகலான இடங்களில் கரையில் பாத்திரம் தேய்க்கிற பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். சமையல்காரர் கரிமீனை மசாலா தடவி வாழையிலையில் பொரித்துக் கொண்டுவந்தார். நானும் ஷர்மிளாவும் முள்ளைக்கூட விடவில்லை. ஆக்னஸ் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு வெறும் சோற்றைப் பிசைந்தாள்.

"மாதா இந்தப் பக்கம் பாக்கலடி, சாப்பிடு" என்றாள் ஷர்மிளா. அவளுக்கு எதிலும் விளையாட்டு.

அந்த நேரம் பார்த்து மாமியார் போன் செய்தார். "கோயிலுக்குப் போயாச்சா?" என்று கேட்டது எங்களுக்கும் கேட்டது. கரையோரம் ஒரு சின்ன மாதா கோயில் இருந்தது. அதன் மணி அடிக்க ஆரம்பித்தது. ஆக்னஸ் வாயே திறக்கவில்லை, போனை மட்டும் கரைப் பக்கம் நீட்டினாள். திரும்பக் காதில் வைத்தபோது அந்தப் பக்கம் அந்தம்மா அழுதுகொண்டே 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முழங்காலில் நிற்கிறார் என்பது ஆக்னஸுக்குத் தெரியும்.

"வெச்சுட்டியாம்மா?"

"வெச்சுட்டேன் அத்தே."

போனை வைத்ததும் உடைந்து அழுதாள். "இதுவும் மாதா கோயில்தானே, இங்கேயே வெச்சுடலாமே" என்று சொல்லிப் பார்த்தேன்.

"வேளாங்கண்ணின்னு நம்பித்தானே குடுத்தாங்க சுமதி."

வெள்ளிக் கண் போன மாதிரியே திரும்பி வந்தது.

ஊருக்கு வந்ததும் அந்தம்மா சொன்ன சொல் தவறாமல் ஆபரேஷனுக்கு நாள் வாங்கினார். உண்மையைச் சொன்னால் படுக்கமாட்டார், கண் போய்விடும். சொல்லாவிட்டால் பொய்யை நம்பிக் கத்திக்குப் போகிறார். ஓடிப்போய் நிஜமாகவே வைத்துவிட்டு வரலாமென்றால் லீவு கிடைக்கவில்லை. ஆபரேஷன் அன்றைக்குத் தியேட்டர் வாசலில் செபமாலையை உருட்டியபடி, "ஏதாவது ஆச்சுன்னா நான்தான் காரணம். மாதாவே, என்னை மன்னிச்சிடு" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

ஒன்றும் ஆகவில்லை. அந்தம்மாவுக்குப் பார்வை பளிச்சென்று வந்துவிட்டது.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த பிறகு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்கப் போனேன். அந்தம்மா கட்டிலில் சாய்ந்து, வந்தவர்களிடமெல்லாம் மருமகள் பெருமை பேசிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு இர்பானின் அம்மா முட்டிவலிக்காரர். அவர் கர்ச்சீப்பை அவிழ்த்து வெள்ளியில் ஒரு காலை எடுத்து, "அடுத்த தடவை போறப்ப இதையும் உன் கையாலே வெச்சுடு பேட்டி" என்று, பெற்ற மகளைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டு, ஆக்னஸ் கையில் திணித்துவிட்டுப் போனார்.

ஆக்னஸ் அதைக் கட்டில்மேல் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். படகு, மீன், மணி என்று ஒன்று விடாமல் கொட்டிவிட்டு, "மாதா என்னை மன்னிக்கவே மாட்டா அத்தே" என்றாள்.

அந்தம்மா வெள்ளிக் காலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடி விழப்போகிறது என்று நான் செருப்பைத் தேடினேன்.

"காணிக்கையை நானே கொண்டுபோய் வெச்சுக்கறேன். மாதா மன்னிப்பா, அது அவ வேலை" என்றார் கடைசியில். "படகுக்குப் போகணும்னு என்கிட்ட சொல்லியிருந்தா வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

ஆக்னஸ் தலையைத் தூக்கவில்லை.

"சொல்லுடி. ரெண்டு நாள் சந்தோஷமா இருந்துட்டு வரேன்னு சொல்லக்கூட முடியாத அளவுக்கு நான் அவ்வளவு பொல்லாதவளா?"

இத்தனை நாளும் ஓயாமல் மாதாவிடம் மன்னிப்புக் கேட்டவள், இந்த மனுஷியிடம் கேட்கவேண்டும் என்று ஒருதரம்கூட நினைத்ததில்லை. இப்போது கேட்பதற்காகக் கட்டிலருகே நகர்ந்து வந்தாள்.

ஆபரேஷன் செய்த கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்தம்மா அழுதுகொண்டிருந்தார்.